ஏழாம் அத்தியாயம்: இணையக் கடையின் தேவைகளைத் தானாகவே பரிசோதிக்கச் செய்தல்

1883ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30ஆம் திகதி கொழும்பில் ஆரம்பமாகி, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மனிதக் குரலாலேயே நடந்துவந்த தேயிலை ஏலம், 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், கொரோனா ஊரடங்கின் நிர்ப்பந்தத்தால் கணனித் திரைக்கு இடம் மாறியது. அத்தனை பெரிய ஸ்தாபனங்களே அந்த வழிக்கு வந்த பிறகு, கினிகத்தேனையிலோ வட்டவளையிலோ இருந்துகொண்டு, தம் காணியில் விளைந்த தேயிலையையும் மிளகையும் கராம்பையும் பொதி செய்து இணையத்தில் விற்க முனைகிறவர்கள் வரவர அதிகரித்து வருவதில் வியப்பில்லை. ஆனால் இவர்களுடைய கடை ஏ7 வீதியோரத்தில் இல்லை. அது சிங்கப்பூரிலோ மும்பையிலோ, கண்ணால் கண்டிராத ஒரு கட்டடத்தில், மாத வாடகைக்கு எடுத்த சேர்வரில் இருக்கிறது. அந்த சேர்வரில் என்ன இருக்கிறது, என்ன குறைகிறது என்பதைத் தினந்தோறும் விசாரித்து அறிவதற்குக் கடைக்காரருக்கு நேரமும் இல்லை, அவசியமும் இல்லை. அதைக் கணனியிடமே ஒப்படைக்கலாம்.

இந்த அத்தியாயத்தில் வேர்ட்பிரஸ் மீது இயங்கும் வூகொமர்ஸ் கடையையும், லினக்ஸ் சேர்வரையும் உதாரணமாகக் கொள்கிறோம். மஜென்டோ, பிரெஸ்டாஷொப் போன்ற வேறு தளங்களை உபயோகிப்பவர்கள் பின்வரும் தேவைப் பட்டியலில் உள்ள பொருள்களையும் எண்களையும் தம் தளத்துக்கேற்ப மாற்றிக்கொண்டால் போதும், கிரமம் ஒன்றேதான்.

ஏன் இந்தப் பிரயத்தனம்

கடை மென்பொருள் எதுவும் தனித்து நிற்பதில்லை. அதற்குக் கீழே பி.எச்.பி. என்னும் மொழி, அதற்கும் கீழே தரவுத்தளம், பக்கத்தில் பல நீட்சிகள், எல்லாவற்றையும் தாங்கும் நினைவகமும் வட்டும் இருக்கின்றன. இவற்றில் ஒவ்வொன்றும் தன் சொந்தக் கால அட்டவணைப்படி மாறிக்கொண்டிருக்கிறது. மஜென்டோவின் முதல் தலைமுறைக்கு 2020 ஜூன் 30ஆம் திகதியோடு ஆதரவு நின்றது. அதே ஆண்டு ஜூலையில் வெளிவந்த 2.4ஆம் பதிப்போ, எலாஸ்டிக்சேர்ச் என்னும் தனித் தேடல் இயந்திரம் இல்லாமல் நிறுவவே முடியாது என்றது. தேவைகளை முன்கூட்டி ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு அது ஒரு செலவுக் கணக்கு. பாராமல் புதுப்பித்தல் பொத்தானை அழுத்துகிறவருக்கு அது மூடிய கடை. இதற்கு மேல் தத்துவம் வேண்டியதில்லை.

தேவைப் பட்டியலை எழுதுதல்

1. பரிசோதனையை நடத்தும் கட்டளைக் கோப்பை (ஸ்கிரிப்ட்) எழுதத் தொடங்குமுன், சாதாரண எழுத்துக் கோப்பொன்றில் தேவைகளை வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் பொருளின் பெயர், இயங்கும் எல்லை, பத்திரமான எல்லை ஆகிய மூன்றும் இருக்கட்டும்.

இரண்டு எல்லைகள் எதற்கு என்று கேட்கலாம். 2023 அக்டோபரில் வந்த வூகொமர்ஸ் 8.2, பி.எச்.பி. 7.4 இருந்தால் இயங்கும் என்றது, ஆனால் பி.எச்.பி. 7.4க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே, 2022 நவம்பர் 28ஆம் திகதியே, நின்றுவிட்டிருந்தன. கடை இயங்குகிறது என்பதும் கடை பத்திரமாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. ஒரே எண்ணை வைத்துச் சோதிக்கும் பரிசோதனை இந்தப் பேதத்தை மறைத்துவிடும்.

2. ஆரம்பப் பட்டியலாகப் பின்வருவனவற்றை எழுதிக்கொள்ளுங்கள்.

- பி.எச்.பி.: இயங்கும் எல்லை 7.4. பத்திரமான எல்லை, இன்னும் பாதுகாப்புத் திருத்தம் பெறும் பதிப்பு. 8.1க்கு 2025 டிசம்பர் 31ஆம் திகதியும், 8.2க்கு 2026 டிசம்பர் 31ஆம் திகதியும் கடைசி நாட்கள்.
- தரவுத்தளம்: மரியாடிபி 10.6 அல்லது மைஎஸ்க்யூஎல் 8.0.
- நினைவக எல்லை: 256 மெகாபைட். வேர்ட்பிரஸ் தானாக எடுத்துக்கொள்வது 40 மெகாபைட் மாத்திரமே என்பதால், இதைப் பெரும்பாலும் நீங்களே உயர்த்த வேண்டியிருக்கும்.
- நீட்சிகள்: ஜேசன், மைஎஸ்க்யூஎல்ஐ ஆகியவை கட்டாயம், கர்ல், எம்.பி.ஸ்ட்ரிங், இன்டில், ஓபன்எஸ்எஸ்எல், ஸிப், டொம் ஆகியவை இருந்தே ஆகவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
- வட்டில் மிச்ச இடம், மிச்சக் கோப்பு எண்ணிக்கை.
- டி.எல்.எஸ். 1.2 அல்லது அதற்கு மேல். அட்டைக் கொடுப்பனவுப் பாதுகாப்பு விதிகள் எஸ்.எஸ்.எல்., டி.எல்.எஸ். 1.0 ஆகிய மிகப் பழைய பதிப்புகளை 2018 ஜூன் 30ஆம் திகதியோடு கைவிடச் சொல்லிவிட்டன.
- பாதுகாப்புச் சான்றிதழில் எஞ்சியுள்ள நாட்கள்.
- வேர்ட்பிரஸின் உள் அட்டவணை தவறாமல் ஓடுகிறதா என்பது.

குறிப்பு: எம்.பி.ஸ்ட்ரிங் நீட்சியைத் தமிழில் கடை நடத்துகிறவர்கள் அலட்சியப்படுத்தக் கூடாது. யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது. பைட்டை எண்ணி வெட்டும் பிளக்-இன் ஏதேனும் பொருளின் பெயரைச் சுருக்கப் புகுந்தால், எழுத்தின் நடுவிலே வெட்டிக் கேள்விக்குறிகளைத் தொங்கவிடும். இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடலாம்: பக்கத்தின் முகவரிக்காக வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 இடங்கள், தமிழ்க் குறியீட்டுப் புள்ளி ஒன்று முகவரியில் ஒன்பது இடங்களைப் பிடிப்பதால், இருபத்திரண்டு புள்ளிகளோடு முகவரி முடிந்துவிடும். மெய்யெழுத்தின் மேற்புள்ளியும் கொம்பும் காலும்கூடத் தனித்தனியே எண்ணப்படுவதால், நீளமான தமிழ்ப் பெயருள்ள பொருள்களுக்கு முகவரியை நீங்களே சுருக்கமாக எழுதிக் கொடுப்பது உத்தமம்.

சோதிக்கவேண்டிய இடத்தில் சோதித்தல்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் நிதானமாக வாசிக்க அவகாசம் உண்டு என்றால், இதை வாசியுங்கள். ஒரு சேர்வரில் பி.எச்.பி. ஒன்றுதான் இருக்கிறது என்று எண்ணுவது மிகச் சாதாரணமான பிழை. கட்டளை வரியில் நீங்கள் அழைக்கும்போது பதில் சொல்வது ஒரு பி.எச்.பி.; வாடிக்கையாளர் கடைப் பக்கத்தைத் திறக்கும்போது வேலை செய்வது வேறொரு பி.எச்.பி. இரண்டுக்கும் பதிப்பு வேறாக இருக்கலாம், அமைப்புக் கோப்பு வேறாக இருக்கலாம், நீட்சிகளும் வேறாக இருக்கலாம். அதிலும் விபரீதம் யாதெனில், டெபியன், உபுண்டு போன்ற அமைப்புகளில் கட்டளை வரிப் பி.எச்.பி.க்கு நினைவக எல்லையே கிடையாது. அங்கே 'எல்லை 256 மெகாபைட்டுக்குக் குறைவா?' என்று கேட்டால் என்றைக்கும் 'குறைவில்லை' என்ற பதிலே வரும், கடைப் பக்கமோ 128 மெகாபைட்டில் திணறிக்கொண்டிருக்கும்.

ஆகவே பின்வரும் கிரமத்தைக் கைக்கொள்ளுங்கள்.

3. இணையத்தளக் கோப்புறைக்குள் சிறிய பி.எச்.பி. கோப்பொன்றை வையுங்கள். அது தன் பதிப்பு எண், நினைவக எல்லை, ஏற்றப்பட்டுள்ள நீட்சிகள், தரவுத்தளத்தின் பதிப்பு ஆகியவற்றை வரிக்கு ஒன்றாகச் சொல்லிவிட்டு நிற்கட்டும். வேறொன்றும் செய்ய வேண்டாம்.

4. இரகசியச் சொல் ஒன்றைத் தன் எச்.டி.டி.பி. தலைப்பில் (ஹெடர்) வைத்து வரும் கோரிக்கைக்கு மாத்திரம் அது பதில் தரும்படி செய்யுங்கள். அதே சேர்வரிலிருந்து வரும் கோரிக்கைக்கு மாத்திரம் பதில் தந்தால் போதாதா என்று சிலர் நினைப்பார்கள். முன்னால் என்ஜின்எக்ஸும் பின்னால் அப்பாச்சியும் ஒரே சேர்வரில் நிற்கும் அமைப்புகள் பலவற்றில், உலகத்தின் எந்த மூலையிலிருந்து வரும் கோரிக்கையும் அந்த சேர்வரிலிருந்தே வந்ததுபோலத் தோன்றும் என்பதால், அந்தக் காவல் மட்டும் போதாது.

5. பரிசோதனைக் கட்டளைக் கோப்பு கர்ல் கட்டளையின் மூலம் அந்தப் பி.எச்.பி. கோப்பை அழைத்து, வந்த பதிலைப் பட்டியலோடு ஒப்பிடட்டும்.

எச்சரிக்கை: பி.எச்.பி.யின் சகல விபரங்களையும் ஒருங்கே காட்டும் பி.எச்.பி.இன்ஃபோ பக்கத்தைச் சோதனைக்காகத் திறந்துவைத்து, பிறகு அழிக்க மறந்துவிடுவது திருடனுக்கு வீட்டின் வரைபடத்தைக் கொடுப்பதற்குச் சமம். அதை ஒருபோதும் விட்டுவைக்காதீர்கள்.

பதிப்பு எண்களை ஒப்பிடுதல்

6. பதிப்பு எண்ணைத் தசம எண்ணாகவோ வெறும் எழுத்துச் சரமாகவோ ஒப்பிடாதீர்கள். மரியாடிபி 10.11 என்பது 10.6க்குப் பிந்தியது, ஆனால் தசமக் கணக்கில் 10.11 சிறியது, 10.6 பெரியது. எழுத்து வரிசையில் பார்த்தாலும் அதே தவறுதான் நேரும். பி.எச்.பி.யில் பதிப்புகளை ஒப்பிடுவதற்கென்றே ஒரு செயற்கூறு உண்டு; லினக்ஸின் வரிசைப்படுத்தும் கட்டளையிலும் பதிப்பு வரிசை என்ற தெரிவு உண்டு. இரண்டில் ஒன்றை உபயோகியுங்கள். சுயமாக ஒப்பிடும் முறை கண்டுபிடிக்க வேண்டாம்.

7. பழைய மரியாடிபி பதிப்புகள் தம் பெயரைச் சொல்லும்போது எண்ணுக்கு முன்னால் 5.5.5 என்ற இன்னோர் எண்ணையும் ஒட்டிச் சொல்வது உண்டு. அந்த முன்னொட்டை நீக்கிவிட்டு ஒப்பிடாவிட்டால், நல்ல தரவுத்தளத்தைப் பழையதென்று பரிசோதனை நிராகரிக்கும்.

வட்டும் சான்றிதழும்

8. வட்டில் 80 சதவீதம் நிரம்பினால் எச்சரிக்கை, 90 சதவீதம் நிரம்பினால் அபாயம் என்று நிர்ணயித்துக்கொள்ளுங்கள். இடத்தோடு, அந்த வட்டு இன்னும் எத்தனை கோப்புகளை ஏற்கும் என்ற எண்ணிக்கையையும் சோதியுங்கள். ஒரு படத்தை ஏற்றினால் வேர்ட்பிரஸும் வூகொமர்ஸும் அதைப் பல அளவுகளில் நறுக்கித் தனித்தனிக் கோப்புகளாக வைக்கின்றன. இடம் தாராளமாக இருக்கும்போதே கோப்பு எண்ணிக்கை தீர்ந்து, புதிய கோப்பு ஒன்றையும் உருவாக்க முடியாத நிலை சம்பவிக்கலாம்.

9. சான்றிதழில் 21 நாட்களுக்குக் குறைவாக இருந்தால் எச்சரிக்கை வரட்டும். லெட்ஸ் என்க்ரிப்ட் வழங்கும் இலவசச் சான்றிதழின் ஆயுள் 90 நாட்கள். சேர்ட்பொட் கருவி அதை முடிவதற்கு 30 நாட்களுக்கு முன்பே புதுப்பிக்கப் பார்க்கும். ஆகவே 21 நாட்கள் மிச்சம் என்றால், ஒன்பது நாட்களாகப் புதுப்பித்தல் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள். முன்பெல்லாம் அந்த நிறுவனமே மின்னஞ்சலில் நினைவூட்டி வந்தது. 2025 ஜூன் 4ஆம் திகதியோடு அந்தச் சேவை நின்றுவிட்டது. இனி நினைவூட்டுவார் இல்லை. இதிலும் கோப்பில் உள்ள சான்றிதழைப் பார்க்காமல், வாடிக்கையாளரைப் போலக் கடையின் முகவரியோடு இணைந்து அது காட்டும் சான்றிதழைப் பாருங்கள். புதிய சான்றிதழ் வந்த பின்னும், இணைய சேர்வர் மென்பொருளை மறுபடி ஏற்றாததால் பழையதே பரிமாறப்படுவது அபூர்வமல்ல.

உள் அட்டவணை

10. வேர்ட்பிரஸின் உள் அட்டவணை, யாராவது பக்கத்தைத் திறந்தால்தான் விழித்துக்கொள்ளும். நாளொன்றுக்குச் சிலரே வந்துபோகும் மலையகக் கடையில், நள்ளிரவில் தொடங்கவேண்டிய விலைக் கழிவு காலையில் தொடங்குவதற்கு இதுவே காரணம். அமைப்புக் கோப்பில் அந்த உள் அட்டவணை பக்கத் திறப்பால் விழிப்பதை நிறுத்திவிட்டு, சேர்வரின் நேரக் கருவியான க்ரொன் ஐந்து நிமிடத்துக்கொரு தடவை அதை எழுப்பும்படி செய்யுங்கள். பிறகு, ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நிற்கும் வேலைகள் உண்டா என்பதைப் பரிசோதனையில் சேருங்கள்.

விடையை எண்ணாகத் தருதல்

11. கட்டளைக் கோப்பு முடியும்போது ஓர் எண்ணோடு முடியட்டும்: எல்லாம் சரியானால் 0, எச்சரிக்கையானால் 1, அபாயமானால் 2, சோதிக்கவே முடியாமற் போனால் 3. கண்காணிப்புக் கருவிகள் பலவும் இந்த வழக்கத்தையே அனுசரிக்கின்றன. நான்காவதான அந்த 3 மிக முக்கியம். பதில் வராத சோதனையை 'பிழை ஒன்றும் காணவில்லை' என்று கணக்கு வைக்கும் கட்டளைக் கோப்புகளை நிறையக் காண்கிறோம். அவை இல்லாமலிருப்பதே நல்லது, ஏனெனில் பொய்யான நிம்மதி கவலையைவிடக் கேடு.

நேரம் குறித்தல்

12. க்ரொனில் நேரம் எழுதுமுன் சேர்வரின் கடிகாரம் எந்த நேரத்தைக் காட்டுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது உலகப் பொது நேரமாக இருக்கும். நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி வித்தியாசம். நம் நேரப்படி அதிகாலை 3 மணிக்குச் சோதனை நடக்கவேண்டுமானால், முந்திய இரவு 21:30 என்று, அதாவது 30 21 * * * என எழுத வேண்டும்.

13. ஒவ்வொரு கட்டளைக்கும் முழுப் பாதையை எழுதுங்கள். கையால் ஓட்டும்போது ஒழுங்காக ஓடிய கோப்பு க்ரொனில் ஓடாமற் போவதற்கு முதற் காரணம், க்ரொன் மிகச் சில கோப்புறைகளில் மாத்திரம் கட்டளைகளைத் தேடுவதுதான்.

மௌனத்தை நம்பாமை

வட்டவளைப் பக்கம் இலங்கையிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் பிரதேசங்களில் ஒன்று. லக்ஷபான நீர்மின் நிலையங்கள் அயலிலேயே இருந்தும், மரம் விழுந்து கம்பி அறுந்தால் நமக்குக் கரண்ட் இல்லை. 2022 மார்ச் மாதக் கடைசியில் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இதிலிருந்து இரண்டு விதிகள் பிறக்கின்றன.

14. பரிசோதனையை வீட்டுக் கணனியிலோ கடைவீதிக் கொம்யூனிகேஷன் கணனியிலோ ஓடவிடாதீர்கள்; அது சேர்வரிலேயே ஓடட்டும்.

15. பிழை வந்தால் செய்தி அனுப்பு என்று மாத்திரம் ஏற்பாடு செய்தால், சேர்வரே விழுந்துவிட்ட நாளில் செய்தி அனுப்ப ஆளிராது. உங்கள் தொலைபேசி அமைதியாக இருக்கும், நீங்களும் சுகம் என்று எண்ணிக்கொள்வீர்கள். ஆகவே நல்லபடி முடிந்த ஒவ்வொரு சோதனையும் வேறொரு இடத்திலுள்ள கண்காணிப்புச் சேவைக்கு 'இருக்கிறேன்' என்று ஒரு சமிக்ஞை அனுப்பட்டும். குறித்த நேரத்தில் சமிக்ஞை வராவிட்டால் அந்தச் சேவை உங்களுக்குச் செய்தி அனுப்பட்டும். இத்தகைய சேவைகள் இலவசமாகவும் கிடைக்கின்றன.

குறிப்பு: எச்சரிக்கையை மின்னஞ்சலிலும், அபாயத்தைக் குறுஞ்செய்தியிலும் பெறுங்கள். மழைநாளில் டேட்டா தடைப்பட்டாலும் குறுஞ்செய்தி பெரும்பாலும் வந்துசேரும். எல்லாவற்றையும் ஒரே வழியில் அனுப்பினால், சில வாரங்களில் எதையும் வாசிக்காத பழக்கம் ஏற்பட்டுவிடும்.

புதுப்பித்தலுக்கு முன் வாசலில் நிறுத்துதல்

தினசரிச் சோதனை கடை நிற்கும் நிலையைச் சொல்லும். அதனினும் பயனுள்ளது, புதுப்பித்தலுக்குச் சற்று முன்பு அதே சோதனையைப் புதிய பதிப்பின் தேவைகளோடு ஓட்டுவது. நன்றாக வாடாத கொழுந்தை உருட்டு இயந்திரத்துக்கு அனுப்ப எந்தத் தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கரும் சம்மதிக்க மாட்டார். அந்தக் கண்டிப்பே இங்கும் வேண்டும்.

16. புதிய பதிப்பின் தேவைகளை இன்னொரு பட்டியல் கோப்பில் எழுதுங்கள். பெரும்பாலான பிளக்-இன்களின் தலைப்பில் அவற்றுக்கு வேண்டிய வேர்ட்பிரஸ் பதிப்பும் பி.எச்.பி. பதிப்பும் குறிக்கப்பட்டிருக்கும், அவற்றைக் கட்டளைக் கோப்பே வாசித்துக்கொள்ளலாம். மஜென்டோ உபயோகிப்பவர்களுக்கு, நிறுவிய பொதிகள் யாவற்றின் தேவைகளையும் சேர்வரோடு ஒப்பிடும் கட்டளை கொம்போஸரிலேயே இருக்கிறது; ஆனால் அதுவும் கட்டளை வரிப் பி.எச்.பி.யையே பார்க்கும் என்பதை மறக்க வேண்டாம்.

17. விடை 0 ஆனால் மாத்திரம் அடுத்த படிக்குப் போகும்படி சங்கிலியாக எழுதுங்கள்: சோதனை, காப்புப் பிரதி, காப்புப் பிரதி வெறுமையாக இல்லை என்ற சரிபார்ப்பு, ஒத்திகைத் தளத்தில் புதுப்பித்தல், பிறகே உண்மைக் கடை.

18. சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, நத்தார் ஆகிய விற்பனைக் காலங்களுக்கு முந்திய பத்து நாட்களில், பாதுகாப்புத் திருத்தம் தவிர்ந்த எந்தப் புதுப்பித்தலையும் செய்யாதீர்கள். இது என் சொந்த அபிப்பிராயம். ஆனால் உறுதியான அபிப்பிராயம்.

பாதுகாப்பு

19. பரிசோதனை மூலப் பயனரின் அதிகாரத்தோடு ஓட வேண்டியதில்லை. அதற்கென்று அதிகாரம் குறைந்த பயனர் ஒருவரை உண்டாக்குங்கள். தரவுத்தளத்திலும் வாசிக்கும் உரிமை மாத்திரம் கொடுங்கள்.

20. கடவுச்சொல்லைக் கட்டளைக் கோப்புக்குள் எழுதாமல் தனிக் கோப்பில் வைத்து, அதற்கு 600 என்ற அனுமதியைக் கொடுங்கள். அறிக்கையில் கடவுச்சொல்லோ வாடிக்கையாளர் விபரமோ ஒரு வரியும் வரக்கூடாது.

21. குறையைக் கண்டவுடன் பரிசோதனையே அதைத் திருத்திவிடும்படி எழுத ஆசை வரும். தவிர்த்துவிடுங்கள். ஆளில்லாத அதிகாலை நேரத்தில் ஒரு கட்டளைக் கோப்பு பி.எச்.பி. பதிப்பைத் தானாக மாற்றி, கொடுப்பனவு பிளக்-இன் நின்றுபோய், விடியும்வரை வாடிக்கையாளர்களின் கட்டளைகள் பணமின்றித் தேங்குவதைவிட, எச்சரிக்கையொன்று சில மணி நேரம் காத்திருப்பது எவ்வளவோ மேல்.

பரிசோதனையைப் பரிசோதித்தல்

ஒருமுறையேனும் தோற்றுக் காணாத பரிசோதனையை நம்ப வேண்டாம். பச்சை விளக்கு எரிகிறது என்பதால் மாத்திரம் கண் விழித்திருக்கிறது என்று கொள்ள முடியாது. ஆகையால் ஒத்திகைத் தளத்தில், வேண்டுமென்றே ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பாருங்கள்.

22. பட்டியலில் பி.எச்.பி.யின் இயங்கும் எல்லையை 99 என்று மாற்றி ஓட்டுங்கள். இயங்கும் எல்லைக்குக் கீழே நிற்பது அபாயம் என்பதால் விடை 2 வர வேண்டும்.

23. இணையப் பி.எச்.பி.யின் நினைவக எல்லையை 64 மெகாபைட்டாகக் குறைத்து ஓட்டுங்கள். அப்போதும் 0 வந்தால், நீங்கள் தவறான பி.எச்.பி.யையே சோதித்துக்கொண்டிருக்கிறீர்கள், ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.

24. இரகசியச் சொல்லில் ஓர் எழுத்தை மாற்றி ஓட்டுங்கள். விடை 3 வர வேண்டும். 0 வந்தால் காவல் வேலை செய்யவில்லை.

25. க்ரொன் வரியை ஒரு நாள் நிறுத்திவையுங்கள். வெளிச் சேவையிலிருந்து உங்கள் தொலைபேசிக்குச் செய்தி வருகிறதா, எத்தனை நேரத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

26. எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, மறுபடி 0 வருவதை உறுதி செய்தபின், கோப்பை உண்மைக் கடையின் சேர்வருக்கு மாற்றுங்கள்.

பட்டியலைப் பழையதாக விடாமை

பி.எச்.பி.யில் ஆண்டுதோறும், பெரும்பாலும் நவம்பர் மாதத்தில், புதிய பதிப்பு வருகிறது. வேர்ட்பிரஸும் வூகொமர்ஸும் அதற்கு இடையிலேயே பலமுறை மாறிவிடுகின்றன. கட்டளைக் கோப்பு எவ்வளவு நேர்த்தியானதாயினும், அதன் கையிலுள்ள பட்டியல் பழையதானால் அது பழைய காலத்துக்கான விடையையே தரும்.

27. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்று மென்பொருள்களின் அதிகாரபூர்வத் தேவைப் பக்கங்களையும் திறந்து, பட்டியலோடு வரி வரியாக ஒப்பிடுங்கள்.

28. ஒப்பிட்ட திகதியைப் பட்டியல் கோப்பின் முதல் வரியில் எழுதி, அந்தத் திகதி ஆறு மாதத்துக்கு மேல் பழையதாகிவிட்டால் கட்டளைக் கோப்பே 1 என்ற எச்சரிக்கையைத் தரும்படி இன்னொரு சோதனையைச் சேர்த்துவிடுங்கள்.